யாரில் நான்கில் ஒருவர்?



சர்க்கரை நோய்ச் சிறப்பிதழுக்கான கடிதங்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. கம்பங்கூழ் குடிக்கலாமா, சிறுதானியம் என்றால் வயிறு நிறையச் சாப்பிடலாமா, இன்சுலினை ஃபிரிட்ஜில் எந்தத் தட்டில் வைப்பது என்று கேட்டவர்கள்தான் அதிகம். அவற்றுக்கெல்லாம் டாக்டர் பக்கத்தில் பதில் வருகிறது. மாம்பழத்தைப் பற்றி நாம் எழுதியதை ஏற்கவே முடியாது என்று சேலத்திலிருந்து மூன்று பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். சேலத்துக்காரர்களோடு மாம்பழ விஷயத்தில் வாதாடும் தைரியம் எனக்கில்லை.

ஒரு கடிதத்தை மட்டும் டாக்டருக்கு அனுப்பாமல் நானே எடுத்து வைத்துக்கொண்டேன். காரைக்குடிப் பக்கமிருந்து ஓர் அம்மா எழுதியது. இன்லண்ட் லெட்டரில் மடிப்பு ஓரம் வரைக்கும் நெருக்கி எழுதியிருக்கிறார்: “ஐயா, காசநோய் வந்தவர்களில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று போட்டிருந்தீர்கள். எனக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. அப்படியென்றால் எனக்குக் காசம் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறதா? படித்ததிலிருந்து தூக்கமில்லை. மருமகளிடம் சொன்னால் சிரிக்கிறாள்.”

மருமகள் சிரித்திருக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: நாலில் ஒன்று கிடையாது அம்மா, அதன் பக்கத்தில்கூட வராது. நிம்மதியாகத் தூங்குங்கள். மற்றவர்கள் கொஞ்சம் விழித்திருந்து என்னோடு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாம் போட்ட தகவல் சரியானதுதான். ராயபுரம் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தமிழ்நாட்டில் காசநோய்ச் சிகிச்சைக்குப் பதிவு செய்துகொண்ட எண்ணூற்றுச் சொச்சம் பேருக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். 25.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஏறக்குறைய அதே அளவு பேர் சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்தார்கள். ஆக, நான்கில் ஒருவர் என்பது உண்மை. ஆனால் யாரில் நான்கில் ஒருவர்? காசநோயாளிகளில். அம்மா காசநோயாளி இல்லை, சர்க்கரை நோயாளி. அவர் நிற்கும் வரிசை வேறு.

அந்த வரிசையில் கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். ஒரு லட்சம் பெரியவர்கள் இருக்கும் ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சளிப் பரிசோதனையில் உறுதியான நுரையீரல் காசம் லட்சத்துக்கு 300 பேரைச் சற்றுத் தாண்டியது. நாம் 300 என்றே வைத்துக்கொள்வோம். அந்த 300 பேரில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 75 பேருக்குச் சர்க்கரையும் இருக்கிறது. இனி ஊரில் மொத்தச் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. அதன்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நம் ஊர்க் கணக்கில் 11,400 பேர்.

சர்க்கரை உள்ள 11,400 பேரில் காசமும் உள்ளவர்கள் 75 பேர். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 150 பேருக்கு ஒருவர்.

இரண்டு பக்கத்திலும் அதே 75 பேர்தான். இருநோயும் சேர்ந்து உள்ளவர்கள் அவர்கள். அவர்களை 300-ல் வைத்துப் பார்த்தால் நாலில் ஒன்று. 11,400-ல் வைத்துப் பார்த்தால் நூற்றைம்பதில் ஒன்று. கணக்குப் புத்தகத்தில் இதற்கு நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர். பிளஸ் ஒன் கணக்குப் பாடத்தில் பகடையும் நாணயமும் பையிலிருந்து எடுக்கும் பந்துகளுமாக வருகிறதே, அதுதான். சிவப்புப் பந்தும் கறுப்புப் பந்தும் எடுத்தே பரீட்சை எழுதி முடித்துவிடுகிறோம். இந்தக் கணக்கு நாளைக்கு நம் வீட்டு லேப் ரிப்போர்ட்டிலும் வரும் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை என்பது என் நெடுநாள் குறை.

கணக்கை இன்னும் ஓர் அடி நகர்த்தலாம். சர்க்கரை இல்லாத 88,600 பேரில் காசம் உள்ளவர்கள் 225 பேர். அதாவது ஏறக்குறைய 400 பேருக்கு ஒருவர். நூற்றைம்பதில் ஒன்றையும் நானூறில் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் வித்தியாசம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு என்று டாக்டர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். எங்கெங்கோ எடுத்த மூன்று எண்களைச் சேர்த்து நாம் போட்ட கணக்கும் அங்கேயே வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

இது உத்தேசக் கணக்குதான். நாட்டுக்கான சராசரியையும் தமிழ்நாட்டு ஆய்வையும் கலந்திருக்கிறேன். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் நாட்டுச் சராசரியைவிட அதிகம். நூற்றைம்பதில் ஒருவர் என்பதும் ஒரு குறிப்பிட்ட நாளில் தலையெண்ணிப் பார்த்தால் கிடைக்கும் எண். வாழ்நாள் முழுவதற்குமான ஆபத்து ஆகாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும், வீட்டில் காசநோயாளி இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் எண் மாறும். இருந்தாலும் நாலில் ஒன்றுக்கும் நூற்றைம்பதில் ஒன்றுக்கும் உள்ள தூரம் இந்தத் திருத்தங்களால் அழிந்துவிடாது.

இப்படி வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்து ஏமாறுவதில் அம்மா தனியாள் இல்லை. 1978-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைகளில் மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், மூத்த மருத்துவர்கள் என்று 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை, நோயில்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டும். ஒருவருக்கு ‘இருக்கிறது’ என்று வந்துவிட்டது. அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் 95 சதவீதம் என்றார்கள். சரியான விடை சொன்னவர்கள் 11 பேர்தான். ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தினால் விடை தானாக வரும்: உண்மையான நோயாளி ஒருவர், தவறாக மாட்டிக்கொள்பவர்கள் ஏறக்குறைய 50 பேர், ஆக ‘இருக்கிறது’ என்று வந்த 51 பேரில் ஒருவருக்குத்தான் நோய். 2 சதவீதம்!

ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் 1990-களிலிருந்து இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார். சதவீதத்தில் சொன்னால் டாக்டரும் தடுமாறுகிறார். ‘ஆயிரம் பேரில் இத்தனை பேர்’ என்று தலைக்கணக்காகச் சொன்னால் பெரும்பாலோர் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பரிசோதித்தே காட்டியிருக்கிறார். இந்தத் திருப்பிப் போடும் கணக்குக்கு வழி சொன்னவர் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் போதகர். அவர் 1761-ல் காலமான பிறகு, நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் அவருடைய காகிதங்களிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்துச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பினார். 1763-ன் தொகுதியில் வந்தது. எழுதி வைத்துவிட்டுப் போனவரைவிட எடுத்து அனுப்பியவரை நினைத்தால் எனக்கு மரியாதை அதிகம். பத்திரிகைக்காரன் புத்தி.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். மேலே போட்ட கணக்கில் அந்த 75 கையில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றுமே செய்திருக்க முடியாது. காசம் லட்சத்தில் 300, சர்க்கரை 11,400 என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு எவ்வளவு மண்டையை உடைத்தாலும், ஒன்று இருப்பவருக்கு மற்றது இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வராது. செய்தியிலும் விளம்பரத்திலும், ஏன், நம் இதழிலும்கூட, நோய்களின் எண்கள் தனித்தனியாகவே வருகின்றன. இரண்டும் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்தான் பெரும்பாலும் காணோம்.

அதே 2023 ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை 11.4 சதவீதம், இரத்த அழுத்தம் 35.5 சதவீதம். ஆயிரம் பேருள்ள தெருவில் 114 பேர், 355 பேர். இரண்டும் சேர்ந்து இருப்பவர்கள் எத்தனை பேர்? கணக்குத் தெரிந்த பையன் டக்கென்று இரண்டையும் பெருக்கி 40 என்பான். சர்க்கரைக்கும் பிபிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றால் அது சரி. ஒட்டு இருக்கிறது. தொப்பை இரண்டுக்கும் தூபம் போடுகிறது. வயது இரண்டையும் ஏற்றுகிறது. சர்க்கரை சிறுநீரகத்தைத் தாக்கினால் பிபி தன்னால் ஏறுகிறது. ஆகவே 40-க்கு மேலேதான் இருக்கும். எவ்வளவு மேலே? அந்த இரண்டு எண்கள் மட்டும் சொல்லாது. காகிதத்தில் பார்த்தால் 0 முதல் 114 வரை எதுவும் சாத்தியம். 114 பேரில் ஒருவருக்குக்கூட பிபி இல்லாமலும் இருக்கலாம், 114 பேருக்குமே இருக்கலாம், இரண்டிலும் 11.4, 35.5 என்ற எண்கள் அப்படியே நிற்கும்.

உதாரணத்துக்கு இரண்டும் உள்ளவர்கள் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். இது நானாக வைத்த எண். எந்த ஆய்விலும் தேடாதீர்கள். அப்போது சர்க்கரை உள்ள 114 பேரில் 60 பேருக்குப் பிபி இருக்கிறது, பாதிக்குச் சற்று மேல். பிபி உள்ள 355 பேரில் 60 பேருக்குச் சர்க்கரை, ஆறில் ஒருவர். தெருவில் இரண்டில் ஏதாவது ஒன்றாவது உள்ளவர்கள் எத்தனை பேர்? 114-ஐயும் 355-ஐயும் கூட்டினால் 469 வரும், ஆனால் அந்த 60 பேரை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். ஒரு தடவை கழித்தால் 409. கல்யாணத்துக்குப் பந்தி இலை எண்ணுகிறவர்களுக்கு இது பழகிய கணக்கு: பெண் வீட்டுப் பட்டியலிலும் மாப்பிள்ளை வீட்டுப் பட்டியலிலும் ஒரே பெரியப்பா இருப்பார், அவருக்கு இலை ஒன்றுதான். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் கல்யாணமென்றால் கேட்கவே வேண்டாம், பட்டியலில் பாதி பொதுவாகிவிடும்.

எல்லா நோய்ப் பெயரும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று படிவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதே ஆய்வில் சர்க்கரைக்கு முந்தைய நிலை 15.3 சதவீதம். ஒருவர் ஒரே நேரத்தில் முந்தைய நிலையிலும் சர்க்கரை நோயிலும் இருக்க முடியாது. ஒன்றைத் தாண்டித்தான் மற்றதற்குப் போக வேண்டும். ஆகவே 11.4-ஐயும் 15.3-ஐயும் தாராளமாகக் கூட்டலாம், 26.7 சதவீதம், நாலில் ஒருவருக்கு மேல். ஒரே ஆய்வு, ஒரே பட்டியல், பக்கத்துப் பக்கத்து வரிகள். ஆனால் இரண்டைக் கூட்டலாம், வேறு இரண்டைக் கூட்டக் கூடாது. எதைக் கூட்டலாம் என்று அட்டவணை நமக்குச் சொல்லாது. நோயைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டும் சேர்ந்தவர்களைத் தனியே எண்ணும் விஷயத்தில் நம் ஊர் அரசு அலுவலர்களைப் பாராட்டவும் ஓர் இடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி மாத்திரை கொடுத்தவர்களின் கணக்கைச் சொல்லும்போது இரத்த அழுத்தம், சர்க்கரை, இரண்டும் சேர்ந்தவர்கள் என்று பிரித்துச் சொல்கிறார்கள். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்றாவது கட்டம் இருப்பதால்தான் மேலே நான் போட்ட கணக்கை யார் வேண்டுமானாலும் போட முடியும். பையோடு வீடு வீடாக ஏறி இறங்கும் பெண் தன்னார்வலர்கள் அந்தக் கட்டத்தைத் தனியே குறிக்காமல் விட்டிருந்தால், எந்தப் பேராசிரியராலும் அதை மீட்டிருக்க முடியாது.

கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். ‘இணை நோய்’ என்ற சொல் அப்போதுதான் டீக்கடை வரைக்கும் வந்தது. மாலையானால் சுகாதாரத் துறையின் அறிக்கை வரும். இறந்தவர் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பத்தி: வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், என்றைக்குச் சேர்க்கப்பட்டார், என்ன தொந்தரவு, என்றைக்கு இறந்தார், கூடவே இரண்டாம் வகைச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் என்று அவருக்கிருந்த மற்ற நோய்கள். இணை நோய் இல்லாமல் இறந்தவர்கள் தனிப் பட்டியல். நம் அலுவலகத்தில் ஒருவர் அதை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்போம். சர்க்கரை உள்ள சக ஊழியர் ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்தப் பட்டியல் சொன்னது, இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு இணை நோய் இருந்தது என்பதை. எழுந்து போனவர் காதில் விழுந்தது, இணை நோய் இருப்பவர்களில் பெரும்பாலோர் இறந்துவிடுவார்கள் என்று. சர்க்கரையோடு தொற்று வந்தவர்களிலும் பெரும்பாலோர் குணமாகித்தான் வீடு திரும்பினார்கள். ஆனால் பிழைத்தவருக்கு யாரும் தினசரி ஒரு பத்தி எழுதவில்லை. ஆபத்து கூடுதல் என்பது உண்மைதான். எவ்வளவு கூடுதல் என்பதை இறந்தவர்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. இறந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்; நம் ஊரில் அறுபதைத் தாண்டியவர்களில் சர்க்கரையும் இல்லாமல் பிபியும் இல்லாமல் இருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதே வயதில், தொற்று வந்து, பிழைத்தவர்களில் எத்தனை பேருக்கு இணை நோய் இருந்தது என்பதும் தெரிந்தால்தான் ஒப்பிட முடியும்.

அமெரிக்காவில் இதே குழப்பம் தலைகீழாக நடந்தது. 2020 ஆகஸ்டில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம், மரணச் சான்றிதழ்களில் 6 சதவீதத்தில் மட்டுமே கோவிட் ஒன்றே காரணமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று வெளியிட்டது. மீதிச் சான்றிதழ்களில் சராசரியாக 2.6 காரணங்கள் கூடுதலாக இருந்தன. அவ்வளவுதான், சமூக ஊடகங்களில் தீப்பிடித்தது: பார்த்தீர்களா, 94 சதவீதம் பேர் வேறு நோயால்தான் செத்திருக்கிறார்கள், எல்லாம் பொய்க் கணக்கு என்று. கூடுதலாகக் குறித்திருந்தவற்றில் நிமோனியாவும் மூச்சுத் திணறலும் கணிசம். அவை கோவிட்டே கொண்டுவந்து விட்டவை. இங்கே நம் சக ஊழியர் பயந்து எழுந்து போனார். அங்கே வேறு சிலர் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்தார்கள். ஒரே சான்றிதழில் பல நோய்கள் இருக்கும்போது, பட்டியலிலுள்ள சதவீதங்களைக் கூட்டினால் நூறைத் தாண்டும் என்பதே பலருக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரு நோய் சேர்ந்திருப்பவர்களை எண்ணியாகிவிட்டது என்றாலும் வேலை முடிந்துவிடாது. எங்கே உட்கார்ந்து எண்ணினோம் என்பது இருக்கிறது. இதைத் தெளிவாகக் காட்டியவர் ஜோசப் பெர்க்சன். மருத்துவம் படித்துப் புள்ளியியலுக்கு வந்தவர், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வேலை பார்த்தவர். அவர் காலத்தில் பித்தப்பை அழற்சிதான் சர்க்கரை நோயைக் கொண்டுவருகிறது என்று சில மருத்துவ வட்டாரங்களில் நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல், சர்க்கரையைக் குணப்படுத்தப் பித்தப்பையை அறுத்தும் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து வருவதுபோல் தெரிகிறதே என்பதுதான் ஆதாரம். அந்த ஆதாரம் எவ்வளவு ஓட்டையானது என்று 1946-ல் பெர்க்சன் எழுதினார்.

அவர் சொன்னதை என் எண்களில் சொல்கிறேன். 10,000 பெரியவர்கள் உள்ள ஊர். 1,000 பேருக்குச் சர்க்கரை, 500 பேருக்குப் பித்தப்பைக் கோளாறு. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டும் உள்ளவர்கள் 50 பேர். சர்க்கரையால் மட்டும் படுக்கிறவர் பத்தில் ஒருவர். பித்தப்பை வலி பொல்லாதது, பத்தில் நாலு பேரை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிடும். இரண்டும் உள்ளவருக்கு உள்ளே வர இரண்டு வாசல். கணக்குப் போட்டால் வார்டில் சர்க்கரை மட்டும் உள்ளவர்கள் 95 பேர், பித்தப்பை மட்டும் உள்ளவர்கள் 180 பேர், இரண்டும் உள்ளவர்கள் 23 பேர். கால் முறிவு, காய்ச்சல் என்று வேறு காரணத்துக்காக வந்தவர்கள் மீதி ஊரில் நூற்றுக்கு இரண்டு பேர், அவர்கள் 171.

வார்டில் சர்க்கரை உள்ள 118 பேரைப் பார்க்கும் டாக்டருக்கு அவர்களில் 23 பேரிடம், ஐந்தில் ஒருவரிடம், பித்தப்பைக் கோளாறு தெரிகிறது. ஊரிலோ இருபதில் ஒருவருக்குத்தான். நாலு மடங்கு! சர்க்கரைக்கும் பித்தப்பைக்கும் ஏதோ இருக்கிறது என்று அவர் முடிவுகட்டினால் யார் குறை சொல்ல முடியும்? ஆனால் வேடிக்கை இனிமேல்தான். அதே டாக்டர் ஊரை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டில்களோடு ஒப்பிடட்டும். சர்க்கரை இல்லாமல் வார்டில் படுத்திருக்கும் 351 பேரில் 180 பேருக்குப் பித்தப்பைக் கோளாறு, பாதிக்கு மேல். இப்போது பார்த்தால் சர்க்கரை வந்தவர்களைப் பித்தப்பை நோய் அண்டுவதே இல்லைபோல் தோன்றும். சம்பந்தமே இல்லை என்று நாமே வைத்துக்கொண்டு தொடங்கிய இரண்டு நோய்கள். ஒரு பக்கம் பார்த்தால் ஒன்று மற்றதைக் கொண்டுவருகிறது, இன்னொரு பக்கம் பார்த்தால் ஒன்று மற்றதைத் தடுக்கிறது. இந்தக் கணக்கை முதல்முறை சரிபார்த்தபோது எங்கோ தப்பு விட்டிருக்கிறோம் என்றே பட்டது. இரண்டாம் முறையும் அதே விடை வந்தது. ஊரில் சர்க்கரை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இருபதில் ஒன்றுதான். மற்றதெல்லாம் வாசல் செய்த வேலை.

ஆகவே ‘என் கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு இரண்டும் இருக்கிறது’ என்று ஒரு டாக்டர் பேட்டியில் சொன்னால் அது பொய்யாகாது. அவர் கிளினிக்கின் வாசலைத் தாண்டியவர்களுக்கு அது உண்மை. நாம் அதை எடுத்து ‘தமிழர்களில் பாதிப் பேருக்கு’ என்று தலைப்புப் போட்டால்தான் பொய்யாகிறது. தலைப்புப் போடுகிறவர்கள் டாக்டர்கள் இல்லை, நாங்கள்தான். அதனால் எங்கள் உதவி ஆசிரியர்கள் இப்போது மருத்துவக் கட்டுரைப் புரூஃபில் சதவீதம் வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் ‘யாரில்?’ என்று ஓரத்தில் எழுதுகிறார்கள். கட்டுரையாளர் பதில் தந்தால் எண் அச்சாகும். தராவிட்டால் எண் போய்விடும், வாக்கியம் நிற்கும். சில கட்டுரையாளர்களுக்கு எங்கள்மேல் வருத்தம்தான்.

காரைக்குடி அம்மாவுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கணக்கு நூற்றைம்பதில் ஒன்று என்று வந்ததால் விஷயத்தையே மறந்துவிடலாம் என்று பொருளில்லை. அரசே இரண்டு பக்கமும் தேடச் சொல்கிறது. 2017-ல் வந்த தேசிய வழிகாட்டுதலின்படி காசநோய்க்குப் பதிவாகிறவர்களுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு வருகிறவர்களிடம் காசத்தின் அறிகுறிகளைக் கேட்க வேண்டும். ஏன் ஒரு பக்கம் எல்லோருக்கும் பரிசோதனை, இன்னொரு பக்கம் வெறும் கேள்வி என்று யோசித்தால் மேலே போட்ட கணக்கே பதில் சொல்லிவிடும். நாலு காசநோயாளிகளுக்குச் சர்க்கரை பார்த்தால் ஒருவர் கிடைக்கிறார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான் செலவு. சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் சளி எடுத்தால் நூற்றைம்பது பேரைப் பார்த்து ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் முதலில் கேள்வி: இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, காய்ச்சல் வருகிறதா, எடை குறைகிறதா, ராத்திரியில் வேர்க்கிறதா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் அந்த நூற்றைம்பது பேர் வரிசையிலிருந்து நீங்கள் வேறொரு சிறிய வரிசைக்கு மாறிவிடுகிறீர்கள்; அங்கே எண் பெரியது. அப்போது சளிப் பரிசோதனை அவசியம். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கட்டணமில்லை. நாலுக்கும் ‘இல்லை’ என்றால் சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு வழக்கமான வேலையைப் பார்க்கலாம். மருமகளிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. டாக்டர் பக்கத்துக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் லேப் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸை அனுப்ப வேண்டாம்; அவற்றை நாங்கள் பத்திரமாக வைத்திருக்க வழியில்லை. அதற்குப் பதிலாகக் கேள்வியோடு உங்கள் வயது, என்னென்ன நோய்க்கு மருந்து சாப்பிடுகிறீர்கள், எத்தனை வருஷமாக, வீட்டில் வேறு யாருக்காவது அந்த நோய் உண்டா என்ற நாலையும் மறக்காமல் எழுதுங்கள். ‘எனக்கு வருமா?’ என்று ஒற்றை வரியில் வந்த கார்டுகள் ஒரு கட்டு இருக்கின்றன. டாக்டர் அவற்றைத் திருப்பித் தந்துவிட்டார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். சேலத்து நண்பர்களின் மாம்பழக் கடிதம் அடுத்த இதழில் முழுமையாக வருகிறது.

அன்புடன்,
ஆசிரியர்